கேட்போரும் ஓர் உறுப்பு



இந்தச் சொற்பொழிவில் கவிதையின் உத்திகளைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்திருக்கிறார்கள். உத்தி என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது ஒரு பெயர்ப்பட்டியல்தான். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, சிலேடை, பிறிதுமொழிதல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள். பாட்டைக் கொடுத்து அதில் பயின்று வரும் அணியைச் சுட்டி விளக்கச் சொல்வார்கள். பெயரை எழுதி, இலக்கணத்தை எழுதி, பொருத்திக் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த அணி அந்த இடத்தில் ஏன் வந்தது, அது இல்லாவிட்டால் பாட்டுக்கு என்ன குறைந்துபோகும் என்ற கேள்வி தேர்வுத்தாளில் வருவதில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் எட்டாவது இயல் செய்யுளியல். செய்யுளுக்கு உரிய உறுப்புகள் 34 என்று அது தொடக்கத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, யாப்பு, தூக்கு, தொடை என்று ஓசை சார்ந்தவை முன்னே வருகின்றன. அவற்றை நாம் எதிர்பார்த்திருப்போம். வியப்பு அதற்குப் பிறகுதான். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று பட்டியல் நீள்கிறது. பேசுகிறவர் யார் என்பதும் உறுப்பு. பேசும் இடமும் காலமும் உறுப்பு. சொல்லாமல் விட்டதும் உறுப்பு. கேட்பவரும் உறுப்பு. அசையும் சீரும் எப்படிச் செய்யுளின் உடம்போ அப்படியே கேட்பவரும் அதன் உடம்பு என்று நம்முடைய மிகப் பழைய இலக்கணம் கருதியிருக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த ஓர் உறுப்பைச் சுற்றியதுதான். தமிழ்க் கவிதையின் நல்ல உத்திகளில் பெரும்பாலானவை, கேட்பவர் எதை அறிவார், எதை அவராகவே கண்டுகொள்வார் என்ற கணக்கின்மேல் எழுந்தவை என்பது என் துணிபு.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். தொல்காப்பியர் சொல்லும் கேட்போர் முதலாவதாகப் பாட்டுக்குள்ளே இருப்பவர்கள். தலைவி பேசினால் தோழி கேட்கிறாள்; தலைவன் பேசினால் பாகனோ பாங்கனோ கேட்கிறான். ஒருவரும் இல்லாதபோது நெஞ்சு கேட்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை இவற்றைக்கூட, கேட்பவை போலவும் மறுமொழி சொல்பவை போலவும் கொண்டு பேசலாம் என்று அதே இயல் இடம் தருகிறது. நாம், அதாவது பாட்டைப் படிக்கிற நீங்களும் நானும், அந்த உரையாடலுக்கு வெளியே நிற்கிறோம். அகப்பாட்டில் யாரும் நம்மைப் பார்த்துப் பேசுவதே இல்லை. இரண்டு பேர் பேசிக்கொள்வது நம் காதில் விழுகிறது, அவ்வளவுதான். இந்த ஏற்பாடே ஓர் உத்தி. நான் மிகப் பெரியதென்று கருதும் உத்தியும் இதுவே.

இதன் உச்சத்தை, பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக் குறிப்புகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவிக்குச் சொல்லுவாளாய்ச் சொல்லியது என்று குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் எத்தனை பாட்டுக்குக் குறிப்பு இருக்கிறது! இரவில் வந்த தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் அங்கே நிற்பது தோழிக்குத் தெரியும். தோழிக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் தலைவியின் முகத்தைப் பார்த்து, ஊர் தூங்குவதில்லை, தாய்க்கு ஐயம் வந்துவிட்டது, வரும் வழியில் யானை திரிகிறது என்கிறாள். சொல்வது தலைவிக்கு, சேர வேண்டியது வேலிக்கு வெளியே. ‘திருமணத்துக்கு ஏற்பாடு செய்’ என்று ஒரு சொல் அவள் வாயில் வருவதில்லை. நேரே சொல்லியிருந்தால் அவன் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பான். ஒட்டுக்கேட்டவனால் மறுபேச்சுப் பேச முடியாது. மூன்றாவதாக நாம் இருக்கிறோம். தலைவி கேட்பது ஒன்று, தலைவன் கேட்பது இன்னொன்று, இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் நாம் மட்டுமே. ஆறேழு அடிக்குள் மூன்று செவிகளுக்கு மூன்று பொருள். நாம் மனப்பாடம் செய்த அணிப்பட்டியலில் இதற்குப் பெயர் இல்லை. ஆனால் இதைக் காட்டிலும் நுட்பமான அமைப்பை நான் கண்டதில்லை.

உவமைக்கு வருகிறேன். அணி என்று நாம் சொல்லும் பகுதியில் தொல்காப்பியம் ஓர் இயல் முழுவதையும் உவமைக்கே ஒதுக்கியிருக்கிறது. உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. ஒரு பொருள் இன்னொன்றைப் போலச் செயல்படுகிறதா, அதைப் போலப் பயன் தருகிறதா, வடிவில் ஒத்திருக்கிறதா, நிறத்தில் ஒத்திருக்கிறதா. இந்த வரிசையில் வினை முன்னே நிற்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முகம் நிலவு போல் இருக்கிறது என்பது வடிவும் ஒளியும் சார்ந்த உவமை. எளிதில் பழகித் தேய்ந்துவிடும். வினையால் வந்த உவமை அப்படித் தேய்வதில்லை.

சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. தொகுத்தவர்கள் பாட்டிலுள்ள உவமையையோ அருந்தொடரையோ எடுத்துப் பெயராக இட்டிருக்கிறார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவனார், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார், கல்பொருசிறுநுரையார் எல்லாரும் குறுந்தொகையில் வருகிறார்கள். தேய்புரிப்பழங்கயிற்றினார் நற்றிணையில் வருகிறார். மனிதருடைய பெயரைக் கைவிட்டு, அவர் கண்ட காட்சியைக் காப்பாற்றி வைத்த மரபு நம்முடையது. இதைப் பெருமையோடு சொல்கிறேன். அந்தத் தொகுப்பாளர்கள் தேர்ந்த வாசகர்கள். பாட்டின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த விரல் தொட்ட இடங்களில் இரண்டு மூன்றைப் பார்ப்போம். குப்பைக்கோழியார் பாட்டு குறுந்தொகையில் 305ஆம் பாட்டு. தலைவி தன் காதல் நோயைச் சொல்கிறாள். அவளால் அவனிடம் போக முடியாது. அவனும் வந்து துயர் தீர்க்கவில்லை. தன் நிலை குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகச் சண்டையிடுவது போன்றது என்கிறாள். இதைச் சண்டை என்ற ஒற்றுமையோடு நிறுத்திக்கொண்டால் உவமை பாதிதான் விளங்கும். சேவற்போர் அந்த மக்களுக்குப் பழக்கமானது. களத்தில் நடக்கும் போரில் சேவலை ஏவி விடுபவர் உண்டு, சுற்றி நின்று ஆரவாரிப்பவர் உண்டு, போதும் என்று இழுத்துப் பிடிப்பவரும் உண்டு. குப்பைமேட்டில் எவரும் இல்லை. மூட்டியவரும் இல்லை, விலக்குபவரும் இல்லை; அதுவாக ஓய்ந்தால்தான் ஓய்வு. உவமையின் முழு வலிமையும் அங்கே இல்லாத மனிதர்களில் இருக்கிறது. சேவற்போரைப் பார்த்திராத ஒருவருக்கு இது வெறும் கோழிச் சண்டை. பார்த்தவருக்கு இது தனிமை. அவருடைய அறிவை நம்பித்தான் புலவர் இந்த உவமையைக் கட்டியிருக்கிறார்.

ஓரேருழவனார் பாட்டில் தலைவன் வினை முடித்து ஊர் திரும்புகிறான். ஊரோ தொலைவில் இருக்கிறது. நெஞ்சு படும் பரபரப்புக்கு, மழை பெய்து ஈரம் பட்ட நிலத்தில் ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவனை உவமையாக்குகிறான். உழவை அறிந்த யாருக்கும் இது உடனே சுருக்கென்று படும். ஈரம் காத்திருக்காது. பத்து ஏர் உள்ளவன் ஒரு பகலில் உழுதுவிடுவான். ஓரேர்க்காரனுக்கு இருக்கிற நிலமும் ஒன்று, நேரமும் ஒன்று, மாடும் ஒரு சோடிதான். விரைவு, ஆசை, இழந்துவிடுவோமோ என்ற பதற்றம், கையிலிருக்கும் வலிமையின் குறைவு எல்லாம் அந்த ஒற்றை ஏருக்குள் இருக்கின்றன. 

தேய்புரிப்பழங்கயிற்றினார் பாட்டில் பொருள் தேடிப் போன தலைவன் இடைவழியில் நிற்கிறான். நெஞ்சு அவளிடம் திரும்பு என்கிறது. அறிவு, எடுத்த காரியத்தை முடிக்காமல் போவது இழிவு என்கிறது. இரண்டு யானைகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கும் பழைய தேய்ந்த கயிறாக அவன் தன் உடம்பைக் காண்கிறான். கயிறு புதியதாக இருந்தால் உவமை பாழ். அது ஏற்கெனவே புரி தேய்ந்தது என்னும்போதுதான் இந்தப் போராட்டம் இன்று தொடங்கியது அல்ல, நெடுநாளாக நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. உவமவியலில் ஒரு விதி இருக்கிறது. தலைவி உவமை சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி சொன்னால் தன் நிலத்தைத் தாண்டக்கூடாது. தலைவன் சொன்னால் அறிவின் உரம் புலப்பட வேண்டும். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வகுத்த எல்லை இதில் தெரிகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கலை நோக்கில் இது மிகக் கூர்மையான விதி. உவமை சொல்லப்படும் பொருளைக் காட்டுவதோடு சொல்லும் ஆளையும் காட்டுகிறது என்பதை இலக்கணம் அறிந்திருக்கிறது. தலைவிக்குக் குப்பைமேட்டுக் கோழி. அணிலாடுமுன்றிலார் பாட்டில் அவன் உடன் இருந்தால் விழா நடக்கும் ஊர், பிரிந்தால் ஆளற்ற வீட்டின் முன்றிலில் அணில் விளையாடும் வெறுமை. முற்றமும் குப்பைமேடும் அவள் கண்ணுக்கு எட்டிய உலகம். தலைவனுக்கு யானையும் ஏரும் நெடுவழியும். உவமையை மட்டும் தனியே வெட்டிக் கொடுத்தாலும் பேசுவது யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்று நாவலும் சிறுகதையும் எழுதுகிற இளைஞர்கள் இந்த விதியை எழுதுமேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். படிக்காத கிழவி ஒருத்தியின் மனவோட்டத்தில் எழுத்தாளர் தாம் படித்த புத்தகத்திலிருந்து உவமை எடுத்துப் போடும்போது, அந்தக் கிழவி அந்த இடத்திலேயே இறந்துபோகிறாள்.

இனி ஒரு பாட்டை அருகில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். மீனெறிதூண்டிலாரின் குறுந்தொகை 54. ஐந்தே அடி. குறிஞ்சித் திணை. தலைவி பேசுகிறாள். பொருள் இது: நான் இங்கே இருக்கிறேன், என் நலம் அந்தக் காட்டு நாடனோடு அங்கேயே ஒழிந்துபோயிற்று. இவ்வளவுதான் செய்தி. அவன் நாடு எத்தகையது என்று இடையில் ஒரு காட்சி வருகிறது. காட்டு யானை மூங்கிலை வளைத்துத் தின்கிறது. தினைப்புனக் காவலர் கவண் வீசுகிறார்கள். அந்த ஒலிக்கு அஞ்சி யானை மூங்கிலை விட்டுவிடுகிறது. வளைந்திருந்த பசுங்கழை, மீன் பற்றியதும் மேலே எழும் தூண்டிற்கோல் போலச் சடாரென்று நிமிர்கிறது.

முதலில் அமைப்பு. ‘என் நலம்’ என்ற எழுவாய் முதலடியின் முடிவில் நிற்கிறது. ‘ஒழிந்தது’ என்ற பயனிலை கடைசியடியின் முடிவில் நிற்கிறது. நடுவில் காவலரும் கவணும் யானையும் மூங்கிலும் தூண்டிலும். அவளுக்கும் அவள் இழந்ததற்கும் இடையே உள்ள தொலைவை வாக்கியத்தின் நீளமே அளந்து காட்டுகிறது. நலத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நாம் ஒரு மலைக்காட்டைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. அடைமொழிகள் முன்னே வந்து வினை கடைசியில் முடியும் தமிழ்த் தொடரின் இயல்பை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் இந்தப் பெயர் தெரியாத புலவர்.

அடுத்தது ஓசை. இந்தப் பாட்டின் ஐந்தடிகளிலும் முதலெழுத்து நெடில், இரண்டாமெழுத்து னகர வருக்கம். எதுகை ஓரடியிலும் தவறவில்லை. எதுகையை வெறும் இனிமை என்று எண்ணிவிடுகிறோம். இங்கே அது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. நினைவு ஓர் இடத்தை விட்டு நகர மறுப்பதை எதுகை செவிக்குச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது அடியமைப்பு. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீரால் வரும். மற்றவை நான்கு சீர். இதை யாப்பிலக்கணமாக எல்லாரும் படித்திருப்பீர்கள். இந்தப் பாட்டில் அந்தக் குறைந்த அடி எது என்று பாருங்கள். மூங்கில் தூண்டிலைப் போல நிமிரும் அடிதான் அது. நான்கு சீருக்குப் பழகிய செவி நாலாவது சீரை எதிர்பார்க்கும் இடத்தில் வெறுமை இருக்கிறது. பிடி விட்டுப்போன கழை மேலே எழுந்து நிற்பதும் ஓசை ஒரு சீர் இழந்து நிற்பதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. புலவர் கணக்குப் போட்டு இதைச் செய்தாரா என்று மாணவர்கள் வகுப்பில் கேட்பதுண்டு. யாப்பு விரலுக்கும் நாவுக்கும் பழகிப்போன ஒருவர் கணக்குப் போட வேண்டியதில்லை; எந்தப் படிமத்தை எந்த அடியில் இறக்குவது என்று கை அறியும். வீணைக் கலைஞரின் கை அறிவது போல.

நான்காவது உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருள். யானை கழையை வளைத்தது. ஊரார் எழுப்பிய ஒலி கேட்டதும் விட்டுவிட்டு ஓடியது. தலைவன் அவளைத் தன்பால் வளைத்தான். ஊரில் பேச்சு எழுந்ததும் விலகி நின்றான். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் நாட்டின் வளத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினைப்புனமும் கவண் ஒலியும் அவள் வாழ்ந்து அறிந்தவை என்பதால் உவமவியல் விதியும் காக்கப்படுகிறது. இதற்குள்ளே தூண்டில் என்ற இன்னோர் உவமை இருக்கிறது. அது வெளிப்படையானது, ‘போல’ என்ற பொருளோடு வருவது. ஆனால் தூண்டிற்கோல் மேலே எழுவது மீன் அகப்பட்ட பிறகுதான். மூங்கிலுக்கு அது விடுதலை, மீனுக்கு முடிவு. பாட்டு அந்த மீனைப் பற்றி மேலும் ஒரு சொல் சொல்லவில்லை. வளைந்து நிமிர்ந்த கழையா அவள், அகப்பட்ட மீனா? என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன். வேறு விதமாகப் படிப்பவரோடு வழக்காட மாட்டேன். அந்த இடத்தைத் தோழிக்கும் நமக்கும் என்று புலவர் திறந்து வைத்திருக்கிறார். எச்சம் என்ற உறுப்பு வேலை செய்யும் இடம் இதுதான்.

இப்படி ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று பார்ப்பதற்கும் தொல்காப்பியம் ஓர் உறுப்பு வைத்திருக்கிறது. அதன் பெயர் நோக்கு. மாத்திரை முதல் அடி வரை எல்லாவற்றையும் மீண்டும் நோக்கிப் பார்க்கச் செய்யும் கருவி அது. உரையாசிரியர் பேராசிரியர் இதை விளக்க அகநானூற்றின் நாலாம் பாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் நிற்கிறது என்று ஆராய்கிறார். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நுண்வாசிப்புகளில் அது ஒன்று. நம் பட்டப்படிப்பில் மேனாட்டுத் திறனாய்வாளர்களைச் சொல்லித்தருவது நல்லது. பேராசிரியரின் அந்தப் பக்கங்களையும் அவர்களோடு வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அந்த அகநானூற்றுப் பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை. தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அவன் தேரேறி வந்துகொண்டிருக்கிறான் என்கிறாள். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவை ஒலிக்காதபடி கட்டிவிட்டு வருகிறானாம். வண்டுகளின் இணையைக்கூடப் பிரிக்க மனம் வராதவன் உன்னைப் பிரிந்திருப்பானா என்பது உள்ளே இருக்கும் பொருள்; இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். காத்திருக்கும் பெண் எதற்காகக் காது கொடுத்திருப்பாள்? தேர்மணி ஓசைக்காக. அது கேட்கவில்லை, கேட்காத ஒவ்வொரு நாழிகையும் அவன் வரவில்லை என்பதற்குச் சான்றாகிக்கொண்டிருக்கிறது. தோழி அந்தச் சான்றையே திருப்பிவிடுகிறாள். மணியைக் கட்டிவிட்டு வருகிறான் என்றால் ஓசை கேட்காதது இயல்புதானே. இனி அவளுக்கு அந்த அமைதியே அவன் வரும் ஓசை. தோழி தேரைப் பார்க்கவில்லை. அவள் ஆறுதலுக்காகச் சொல்கிறாள். ஆனால் கேட்பவளின் காது எங்கே இருக்கிறது என்று அறிந்து சொல்கிறாள்.

அகப்பாட்டில் நாம் இருவர் பேச்சைக் கேட்டோம். காப்பியத்தில் நிலைமை வேறு. அங்கே கதைமாந்தருக்குத் தெரியாதது கேட்பவருக்குத் தெரியும். இளங்கோவடிகள் சிலப்பதிகாரப் பதிகத்திலேயே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறார். கோவலன் மதுரையில் கொலையுண்பான் என்று தெரிந்துகொண்டுதான் நாம் காப்பியத்துக்குள் நுழைகிறோம். முடிவைச் சொல்லிவிட்ட பிறகு கதையில் என்ன சுவை என்று இன்றைய வாசகர் கேட்கலாம். புறஞ்சேரி இறுத்த காதையைப் படித்தால் விடை கிடைக்கும்.

கோவலனும் கண்ணகியும் வையைக் கரைக்கு வருகிறார்கள். நதியெங்கும் மலர். இளங்கோ சொல்வது: கண்ணகிக்கு நேரப்போவதை வையை என்னும் குலமகள் அறிந்தவள் போல, கண்ணில் நிறைந்த நீரை மறைப்பதற்காக மலராடையைப் போர்த்திக்கொண்டாள். இதைச் சொன்ன உடனே அவர் இன்னொன்று செய்கிறார். கணவனும் மனைவியும் அந்த மலர்ப்பரப்பைக் கண்டு வியந்து, இது நீராறு இல்லை, பூவாறு என்று தொழுகிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பூ. நம் கண்ணுக்குக் கண்ணீர். ஒரே நதி. பரிமுகம், கரிமுகம், அரிமுகம் வைத்த பெருந்தோணிகள் அங்கே நிற்க, அவர்கள் ஒரு மரப்புணையில் கடக்கிறார்கள். பிறகு அகழி. அங்கே குவளையும் ஆம்பலும் தாமரையும் வண்டின் குரலால் அழுது கண்ணீர் மல்கி நிற்கின்றன. பிறகு மதில். அதன்மேல் கொடிகள் ‘வராதீர்’ என்று கைகாட்டி மறிப்பது போல அசைகின்றன.

பள்ளிப் புத்தகத்தில் கொடி மட்டும் வரும். இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம் என்று விளக்கமும் வரும். இலக்கணம் சரிதான். ஆனால் நதி தன் கண்ணீரை மறைத்தது. மலர்கள் மறைக்க முடியாமல் அழுதன. கொடிகள் வாய்விட்டுச் சொல்லாத குறையாகக் கைகாட்டின. மூன்று படி. ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கை வெளிப்படையாகிறது. ஒவ்வொரு படியிலும் அந்த இருவரும் வாயிலை நெருங்கிக்கொண்டே போகிறார்கள். கொடியை மட்டும் வெட்டி எடுத்தால் இந்த ஏற்றம் தெரியாது. அதோடு, இந்த உத்தி முடிவைத் தெரிந்துகொண்ட கேட்பவருக்கே பலிக்கும். பதிகத்தில் கதையைச் சொல்லிவிட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில் நம்மை நிறுத்திவிட்டார் இளங்கோ.

ஓசை உத்திகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எதுகை, மோனை, இயைபு, முரண், அளபெடை முதலிய தொடைகள் காதுக்காகத் தோன்றியவை என்றாலும் நினைவுக்கும் காவல். பாட்டு வாயிலும் ஓலையிலும் வாழ்ந்த காலத்தில் சொல் ஒன்று பிறழ்ந்தால் தொடை காட்டிக்கொடுத்துவிடும். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பாடவேறுபாடுகளைத் தீர்மானிக்கும்போது எதுகையையும் மோனையையும் சான்றாகக் கொண்டார்கள். அந்தாதி இன்னும் உறுதியான காவல். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் ஆவதால் நடுவே ஒன்று தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியை 101 வெண்பாக்களில் பாடினார். நம்மாழ்வாரின் திருவாய்மொழி நெடுகிலும் அந்தாதி. பக்தி இலக்கியத்துக்கு அது இவ்வளவு பொருந்தியதற்குக் காரணம், விட்ட சொல்லையே மறுபடி எடுத்துக்கொள்வது வழிபாட்டின் இயல்பு. ஒரு முறை சொல்லி அடங்கும் அன்பு இல்லையே அது.

தண்டியலங்காரத்தைக் குறிப்பிடாமல் போனால் குறையாகும். வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த அந்நூல் பொருளணிகளை 35 என வகுத்தது. இன்று நாம் வழங்கும் அணிப்பெயர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. பெயர்கள் வேண்டும், பெயரில்லாமல் ஒன்றைச் சுட்டிப் பேச முடியாது. அந்நூலின் மூன்றாம் பகுதியான சொல்லணியியலில் மடக்கும் சித்திரகவியும் வருகின்றன. எழுத்துகளைச் சக்கரமாகவும் பாம்பின் உருவாகவும் அடைத்துப் பாடும் அந்த வித்தைகளில் உழைப்பு இருக்கிறது. ஆயினும் என் தீர்ப்பை வெளிப்படையாகச் சொல்கிறேன்: அவற்றில் கேட்பவருக்கு வியப்பதைத் தவிர வேலை எதுவும் இல்லை. கட்டத்தில் எழுத்து சரியாக விழுந்துவிட்டது என்று கண்டதும் பாட்டு முடிந்துவிடுகிறது. காளமேகத்தின் சிலேடை அப்படி அல்ல. ஒரே தொடர் இரண்டு பொருளுக்கும் ஓடும்போது, பிரித்துப் பார்க்கும் வேலை கேட்பவருடையது. அவையோர் சிரிப்பது அந்த வேலை முடிந்த கணத்தில்தான்.

யாப்பு விலகிய கவிதைக்கு வருகிறேன். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் 1959இல் தொடங்கியது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. ந. பிச்சமூர்த்தி அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இத்தகைய கவிதையை எழுதத் தொடங்கியிருந்தார். யாப்பு போய்விட்டது, இனி உத்தி எங்கே என்று அன்று பலர் வருந்தினார்கள். 34 உறுப்புகளை மறுபடி எண்ணிப் பார்த்தால் அந்த வருத்தம் குறையும். சீரும் தொடையும் தளர்ந்தன என்பது உண்மை. கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் எங்கே போயின? எங்கும் போகவில்லை, அவற்றின் சுமை கூடியிருக்கிறது. சங்கப்பாட்டுக்குக் கீழே துறைக் குறிப்பு இருக்கும். யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்று அது சொல்லிவிடும். இன்றைய கவிதைக்கு அந்தக் குறிப்பு கிடையாது. பேசுவது ஆணா பெண்ணா, பேச்சு மகனிடமா இறந்தவரிடமா, இடம் மருத்துவமனையா பேருந்தா என்பதெல்லாம் கவிதையின் சொற்களிலிருந்தே தெரிய வேண்டும். இந்த இடத்தில் இந்தச் சொல்லை இவர் இவருக்குச் சொல்கிறார் என்று சொல்லிலிருந்தே புரியவைப்பது முன்னம். பேருந்தில் வந்துபோகும் மூன்று வரிப் பேச்சை எழுதும் இளங்கவிஞருக்கு இன்று முதலில் தேவைப்படுவது அந்த உறுப்புதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குறுந்தொகையை வகுப்பில் எடுக்கும்போது, துறைக் குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் இரண்டு முறை உரக்கப் படியுங்கள். பேசுவது யார், எதிரே இருப்பது யார், வேலிக்கு அப்பால் எவரேனும் நிற்கிறார்களா என்று மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து காட்டுங்கள். சில பாட்டுகளில் மாணவர் சொன்னதும் பழைய குறிப்பும் மாறுபடும். அப்போது யாரையும் திருத்தாமல், எந்தச் சொல் இரண்டு வழிக்கும் இடம் கொடுத்தது என்று தேடுங்கள். அணியின் பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.